கிழிசலைப் பெரிதாக்கிய ரோஜா

வகுப்பில் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரு பெயர் இருக்கும். ரோஜாவுக்கு மட்டும் எங்கே போனாலும் "புதுப் பொண்ணு" என்பதுதான் பெயர். பொம்மையார்பாளையத்துப் பள்ளிக்கூடத்தில் அவள் புதுப் பொண்ணு. கண்டமங்கலத்திலும் புதுப் பொண்ணு. திண்டிவனத்துக்கு வந்து சேர்ந்தபோதும் அப்படித்தான். வருகைப் பதிவில் அவள் பெயரைக் கடைசியில் பேனாவால் எழுதிச் சேர்ப்பார்கள். பக்கத்தில் உட்காரும் பிள்ளையோடு பென்சில் மாற்றிக்கொள்ளும் அளவுக்குப் பழக்கம் வருவதற்குள், அம்மா வேறு ஊரில் வேறு வேலைக்குக் கிளம்பிவிடுவாள்.

அம்மாவின் பெயர் ஜெயம். அவளுக்கு ஊர் ஊராகத் திரிய ஆசையா என்றால், அதெல்லாம் இல்லை. ரோஜா இரண்டாம் வகுப்பு படித்தபோது அவள் அப்பா ஆரோக்கியராஜுக்கு மஞ்சள்காமாலை வந்தது. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகும்போது ஆட்டோவிலிருந்து தலையை வெளியே நீட்டி, "ரெண்டு நாள்ல வந்துர்றேன். என் பங்கு மீன் கொழம்ப எடுத்து வையி" என்றார். அம்மா எடுத்துத்தான் வைத்தாள். அப்பா திரும்பி வரவில்லை.

அதற்குப் பிறகு ரோஜா எதிரில் அம்மா அழுததே கிடையாது. அழுகை வருகிறபோதெல்லாம் எதையாவது எடுத்துக் கழுவ ஆரம்பித்துவிடுவாள். அந்த ஒரு வருஷத்தில் அவர்கள் வீட்டுப் பாத்திரங்கள் பளபளவென்று இருந்தன.

பிழைக்க வேண்டுமே. பொம்மையார்பாளையத்தில் கடற்கரையில் உட்கார்ந்து கிழிந்த மீன்வலைகளைச் சீர் செய்தாள். புயல் வந்து படகுகள் உடைந்ததும் அந்த வேலை போயிற்று. கண்டமங்கலத்தில் சட்டை தைக்கிற கம்பெனிக்குப் போனாள். ஒருநாள் காலையில் போனபோது கேட்டில் பூட்டுத் தொங்கியது. விக்கிரவாண்டியில் ஒரு பஞ்சர் கடையில் டியூபுக்குப் பட்டை ஒட்டினாள். ஒரு பெண் பஞ்சர் ஒட்டுவதைப் பார்க்கவே சில வண்டிகள் நின்றன. ரோடு அகலப்படுத்தியபோது அந்தக் கடையில் பாதியை இடித்துவிட்டார்கள். திண்டிவனத்தில் மல்லாட்டை என்கிற நிலக்கடலை மூட்டை அடுக்கும் கிடங்கிலும் வேலை செய்தாள். மல்லாட்டை வரத்து நின்றதும் வேலையும் நின்றது.

உறவுக்காரர்கள் என்ன சொன்னார்கள் தெரியுமா? "ஜெயம் காலுல சக்கரம் கட்டிக்கினு பொறந்தவ. ஒரு எடத்துல ஒட்ட மாட்டா." ரோஜாவின் காதிலும் அது விழுந்தது. வேலைதான் அம்மாவை விட்டுவிட்டுப் போகிறது, அம்மா எந்த வேலையையும் விட்டுவிட்டுப் போகவில்லை என்று சொல்ல வேண்டும்போல அவளுக்கு இருந்தது. பெரியவர்கள் பேச்சில் எப்படி நுழைவது? சும்மா இருந்துவிட்டாள்.

ரோஜா ஐந்தாம் வகுப்பை முடித்த கோடை விடுமுறையில் சவுரிராயன் மாமா வந்தார். அவர் அம்மாவின் அண்ணன். விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் பழக்கடை வைத்திருக்கிறவர். எப்போது வந்தாலும் ஒரு சீப்பு வாழைப்பழம் கொண்டு வருவார். கொண்டு வந்ததில் பாதியைப் பேசிக்கொண்டே அவரே தின்றுவிடுவார்.

"ஜெயம், நீ எங்க வேணா வேல செய்யி, நான் கேக்கல. பொண்ண எதுக்கு பந்து மாதிரி தட்டிக்கினு போற?" என்றார் மாமா. "விழுப்புரத்துல பொண்ணுங்க ஹாஸ்டல் கீது. ஆறாவதுக்கு அங்க சேத்துடலாம். ஒரே எடத்துல இருந்து படிக்கட்டும். மாசத்துக்கு ஒரு தபா போய்ப் பாரு."

அம்மா, "ஸ்கூல் தொறக்குற வரைக்கும் டைம் குடுண்ணே. நானே ஒரு கடை போட்டுப் பாக்குறேன். அது ஓடலன்னா நீ சொல்றதுதான்" என்றாள்.

"கடையா? இன்னா கடை?"

"தார்ப்பாய் தெக்கிற கடை."

மாமா இன்னொரு பழத்தை உரித்தார்.

அம்மா அப்போது விக்கிரவாண்டியில், டோல்கேட்டுக்குக் கொஞ்சம் தள்ளி, வீரம்மாள் அக்காவின் சாப்பாட்டுக் கடையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். தினமும் திண்டிவனத்திலிருந்து பஸ்ஸில் போய் வருவாள். கடை வாசலில் லாரிகள் வரிசையாக நிற்கும். பாதி லாரிகளின் தார்ப்பாய் கிழிந்து காற்றில் படபடவென்று அடித்துக்கொள்ளும். எங்கே தைப்பது என்று தெரியாமல் டிரைவர்கள் கிழிசல்மேல் கயிற்றைக் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டி ஓட்டிக்கொண்டிருந்தார்கள். பாத்திரத்தைக் கழுவிக்கொண்டே அம்மா இதையெல்லாம் பார்த்திருக்கிறாள்.

பாதி இடிந்த பஞ்சர் கடை ரோட்டோரமாகச் சும்மாதான் கிடந்தது. அதன் சொந்தக்காரரிடம் கேட்டுக்கொண்டு, அம்மாவும் ரோஜாவும் கூட்டித் துடைத்தார்கள். உள்ளே டியூப் ஒட்டுகிற சொல்யூஷன் பசையின் பழைய டப்பாக்களும் தேய்க்கிற உப்புத்தாளும் அப்படியே இருந்தன. கோணி ஊசியும் நைலான் நூலும் வாங்கி வந்தார்கள். கிடங்கில் தூக்கிப் போட்டிருந்த பழைய தார்ப்பாய்களை ஒட்டுத்துணிக்காகக் கேட்டு வாங்கினார்கள். ஓர் அட்டையில் ரோஜா ஸ்கெட்ச் பேனாவால், 'இங்கு தார்ப்பாய் தைக்கப்படும்' என்று எழுதினாள். 'தைக்கப்படும்' அட்டைக்குள் அடங்கவில்லை. கடைசி எழுத்துகள் எறும்பு மாதிரிச் சின்னதாகப் போயின.

நாள்கள் போயின. ஒருவரும் வரவில்லை. டிரைவர்கள் அட்டையைப் படிப்பார்கள், அம்மாவைப் பார்ப்பார்கள், சாப்பிடப் போய்விடுவார்கள்.

கடைசியில் ஒருவர் வந்தார். அவர் பெயர் தேவநாதன். விழுப்புரத்திலிருந்து சென்னைக்கு மல்லாட்டை மூட்டை ஏற்றிப் போகிற லாரி டிரைவர். எப்போது பார்த்தாலும் பல் வலிக்கிறவர் மாதிரி முகத்தை வைத்திருப்பார்.

"கை அகலம் ஓட்டைங்க. தெப்பீங்களா?" என்று கேட்டார்.

அம்மா தைத்தாள். எப்படித் தைத்தாள் என்கிறீர்கள்! ஓட்டையை மறைக்கிற அளவுக்கு மட்டும் துணி வெட்டினாள். ஓர் அங்குலம்கூட வீணாகவில்லை. எறும்பு ஊர்ந்த மாதிரிப் பொடிப் பொடித் தையல். வீரம்மாள் அக்கா வந்து பார்த்துவிட்டு, "அடியே, சட்டைக்குப் போட வேண்டிய தையல லாரிக்குப் போட்டுட்டியே" என்று மோவாயில் கை வைத்தாள். அன்று திண்டிவனம் திரும்புகிற பஸ்ஸில் அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்து மெதுவாக ஏதோ பாட்டை முணுமுணுத்தாள். அப்பா போனதற்குப் பிறகு அவள் பாடி ரோஜா கேட்டதில்லை.

அடுத்த வாரம் கோடை மழை கொட்டியது.

மறுநாள் மத்தியானம் தேவநாதன் லாரி வந்து நின்றது. அவர் இறங்கி, நனைந்த தார்ப்பாயைத் தரதரவென்று இழுத்து வந்து அம்மா எதிரில் போட்டார். அம்மா தைத்த இடத்தில் முன்பிருந்ததைவிடப் பெரிய ஓட்டை. ஒட்டுத்துணி ஓரமாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

அவர் கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை. மெதுவாகத்தான் சொன்னார். "மேல் வரிசை மூட்டையெல்லாம் நனைஞ்சிபோச்சும்மா. மல்லாட்ட நனைஞ்சா பூசணம் புடிச்சிடும். மொதலாளி என்னைத்தான் கேப்பாரு. தெரியாத வேலைய எதுக்கும்மா கையில எடுக்குறீங்க?"

அம்மா, "மன்னிச்சிக்கோங்க" என்றாள்.

தேவநாதன் சாப்பிடப் போனார். அம்மா கோணி ஊசியைப் பைக்குள் போட்டாள். நூல் உருண்டையைப் போட்டாள். அட்டையைக் கழற்றி, சுவரைப் பார்க்கிற மாதிரித் திருப்பி வைத்தாள். பிறகு வீரம்மாள் கடையின் பின்பக்கம் போய், ஏற்கெனவே கழுவிக் கவிழ்த்து வைத்திருந்த தட்டுகளை எடுத்து மறுபடி கழுவ ஆரம்பித்தாள்.

ரோஜாவுக்குத் தெரிந்துவிட்டது. அவள் போய்ப் பக்கத்தில் நின்றாள்.

"மாமாவுக்கு போன் பண்ணி ஹாஸ்டலுக்கு சரின்னு சொல்லிடறேன்" என்றாள் அம்மா, தட்டைப் பார்த்துக்கொண்டே. "அவர் சொல்றதுதான் சரி. என்கூட இருந்தா நீயும் எதுலயும் ஒட்டாம போயிடுவ."

"நான் உன்கூட ஒட்டிக்கினுதானம்மா இருக்கேன்" என்றாள் ரோஜா.

அம்மாவின் கை நின்றது. ஆனால் திரும்பிப் பார்க்கவில்லை. குழாயை இன்னும் வேகமாகத் திறந்துவிட்டாள்.

ரோஜா கடைக்குத் திரும்பி வந்து அந்தத் தார்ப்பாய் பக்கத்தில் உட்கார்ந்தாள். அதன்மேல் அவளுக்குக் கோபம் கோபமாக வந்தது. தொங்குகிற ஒட்டுத்துணியைப் பிய்த்து எறியலாம் என்று இழுத்தாள். வரவில்லை. பலம் கொண்ட மட்டும் இழுத்தாள். அப்போதும் வரவில்லை.

குனிந்து உற்றுப் பார்த்தாள். அம்மா போட்ட தையலில் ஒன்றுகூடப் பிரியவில்லை. தையலுக்கு வெளியே இருந்த பழைய துணிதான் இற்றுக் கிழிந்திருந்தது. விரலால் தொட்டாலே அது நார் நாராக வந்தது. பொடிப் பொடியாக ஊசி குத்திய துளைகளின் வரிசையிலேயே, பஸ் டிக்கெட்டைக் கிழித்த மாதிரி, கோடாகக் கிழிந்திருந்தது.

அவளுக்குச் சட்டென்று பொம்மையார்பாளையத்துக் கடற்கரை நினைவுக்கு வந்தது. அங்கே முதல் நாள் அவள் அழுதிருக்கிறாள். ஏன் தெரியுமா? வலையைச் சீர் செய்ய உட்கார்ந்தவர்கள் முதல் வேலையாகக் கத்தியை எடுத்து, ஓட்டையைச் சுற்றி இன்னும் அறுத்தார்கள். சின்ன ஓட்டை பெரிய ஓட்டை ஆயிற்று. "வலையக் கெடுக்குறாங்கம்மா" என்று ரோஜா அழ, எல்லாரும் சிரித்தார்கள். நைந்துபோன கண்ணிகளை அறுத்துவிட்டு நல்ல கண்ணி வரைக்கும் போக வேண்டும், அங்கிருந்து பின்னினால்தான் மீன் முட்டினாலும் நிற்கும் என்று அன்றைக்கு அம்மாதான் அவளுக்குச் சொன்னாள்.

ரோஜா ஓடினாள்.

"அம்மா, தையல் பிரியலம்மா. துணிதான் கிழிஞ்சிருக்கு. நீ வந்து பாரேன்."

"பாத்து இன்னா ஆவப்போவுது?"

"கடற்கரையில வலைய மொதல்ல அறுப்பீங்கல்ல? நல்ல கண்ணி வர்ற வரைக்கும். இதுக்கு மட்டும் ஏம்மா அறுக்கல?"

அம்மா தட்டை வைத்துவிட்டு ஈரக் கையோடு நடந்து வந்தாள். தார்ப்பாய் அருகில் மண்டியிட்டாள். கிழிந்த ஓரத்தை விரலால் தடவிக்கொண்டே போனாள்.

"கம்பெனியில ஒரு துண்டுத் துணி வீணாப்போனாலும் சூப்பர்வைசர் எல்லார் எதிர்லயும் நிக்க வச்சித் திட்டுவாரு" என்றாள் கடைசியில். "தையல் பெருசா போனாலும் திட்டு. அந்தப் பயம் இன்னும் என் கையை விட்டுப் போகல போல. வலையில செய்யறத மறந்துட்டு, சட்டையில செய்யறதச் செஞ்சிருக்கேன்."

"இப்பச் செய்யலாம்மா."

"அவர் குடுக்க மாட்டாரு ரோஜா. ஒரு தபா கெடுத்தாச்சி."

அவர் தருவாரா மாட்டாரா என்று அவரைத்தானே கேட்க வேண்டும்? ரோஜா சாப்பாட்டுக் கடைக்குள் போனாள். தேவநாதன் சாப்பிட்டு முடித்து மோர் குடித்துக்கொண்டிருந்தார். அவள் மேசைக்கு எதிரில் போய் நின்றாள்.

"அண்ணா, உங்க மூட்டை நனைஞ்சதுக்கு எங்க அம்மா ரொம்ப வருத்தப்படறாங்க."

"ம்."

"ஏன் கிழிஞ்சிதுன்னு இப்பத் தெரிஞ்சிடிச்சி. மறுபடி தெச்சித் தர்றோம். காசு வேணாம்."

"எப்படித் தெப்பீங்க?"

ரோஜா உண்மையைத்தான் சொன்னாள். "மொதல்ல அந்த ஓட்டைய இன்னும் பெருசா வெட்டணும்."

தேவநாதனுக்குப் புரையேறியது. வீரம்மாள் அக்கா ஓடி வந்து அவர் தலையில் தட்டினாள்.

"போன தபா தெரியாம கெடுத்தீங்க. இப்ப கேட்டுக்கினே கெடுக்கப் போறீங்களா?" என்றார் அவர், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

ரோஜா வலையைப் பற்றிச் சொன்னாள். நைந்த இடத்தில் தைத்தால் நிற்காது, நல்ல இடத்தைத் தேடிப் போய்த் தைக்க வேண்டும் என்று கையை விரித்துக் காட்டிச் சொன்னாள். சொல்லும்போது அவள் உதடு நடுங்கியது. அவர் அதைப் பார்த்தார்.

"நான் ஒரு தூக்கம் போட்டுட்டு சாயங்காலம்தான் வண்டிய எடுப்பேன்" என்றார். "அதுக்குள்ள முடிங்க. எப்படியும் கெட்டுப்போன தார்ப்பாய்தானே."

வெளியே வெயில் தார்ப்பாயின் ஈரத்தை உறிஞ்சி முடித்திருந்தது. அம்மா கத்தரிக்கோலை எடுத்தாள். முதல் வெட்டுக்கு அவள் கை வரவில்லை. கண்ணை ஒருமுறை மூடித் திறந்தாள். பிறகு வெட்டினாள். இற்றுப்போன துணி எல்லாம் போய், இழுத்தால் 'டங்' என்று நிற்கிற துணி வருகிற வரைக்கும் வெட்டினாள். ஓட்டை இப்போது ஒரு ஆள் படுக்கிற அளவுக்கு ஆகியிருந்தது. இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

தார்ப்பாயை இழுத்து விரிக்க நான்கு மூலையிலும் ஆள் வேண்டும். இருந்தது இரண்டு பேர். மற்ற இரண்டு மூலைகளுக்கும் செங்கல் வைத்தார்கள். அப்பா இருந்திருந்தால் அதில் ஒரு மூலையைப் பிடித்திருப்பார் என்று ரோஜா நினைத்தாள். அம்மாவும் அந்தச் செங்கல்லையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு அம்மாவின் கை தானாக வேலை செய்ய ஆரம்பித்தது. ஒட்டுத்துணியைத் தாராளமாக வெட்டினாள். நான்கு முனைகளையும் வட்டமாக வளைத்து வெட்டினாள்.

"சதுரமா இருந்தா முனையில காத்து புடிச்சிக்கினு பேத்துடும். டியூபுக்கு ஒட்டற பட்டை எதாவது சதுரமா பாத்திருக்கியா?"

ரோஜா யோசித்தாள். பார்த்ததில்லை.

உப்புத்தாளால் தார்ப்பாயின் வழவழப்பைத் தேய்த்துவிட்டு, சொல்யூஷனைத் தடவினாள். ரோஜா உடனே ஒட்டப் போனாள். அம்மா தடுத்தாள். விரலில் ஒட்டாத பதம் வரும் வரைக்கும் காய விட வேண்டுமாம். ரோஜா விசிறிக்கொண்டே இருந்தாள். ஒட்டிய பிறகு, தள்ளித் தள்ளிப் பெரிய தையல். ஓரத்தை மட்டும் கம்பெனியில் சட்டைக் கீழ்மடிப்பை மடிக்கிற மாதிரி இரண்டு மடிப்பு மடித்து, உள்ளே ஒரு கயிற்றைக் கொடுத்தாள்.

முடிந்தது என்று ரோஜா நினைத்தாள். அம்மா எழுந்து போய் லாரியைச் சுற்றி வந்தாள். மேலே ஏறி, மூட்டை அடுக்குகிற இடத்தின் இரும்பு முனையைத் தடவிப் பார்த்தாள்.

"இதுதான் மொதல்ல துணிய அறுத்திருக்கு" என்றாள். "கெடங்குல லோடு ஏத்தறப்ப பாத்திருக்கேன். தார்ப்பாய் எப்பவும் இந்த முனையிலதான் தேயும்." பழைய கோணியை நான்காக மடித்து, தார்ப்பாயில் அந்த முனை படுகிற இடத்தில் வைத்துத் தைத்தாள்.

தேவநாதன் எழுந்து வந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. தையலைப் பார்த்தார். "போன தபா பாக்க அழகா இருந்துச்சி" என்றார். அவ்வளவுதான். தார்ப்பாயை ஏற்றிக் கட்டிக்கொண்டு போய்விட்டார்.

அதற்குப் பிறகு அவர் வரவே இல்லை.

மழை மட்டும் வந்தது. மழை பெய்கிறபோதெல்லாம் ரோஜா வாசலில் நின்று ரோட்டைப் பார்ப்பாள். தார்ப்பாய் தாங்கியதா, மறுபடி கிழிந்ததா, யாரைக் கேட்பது? பள்ளிக்கூடம் திறக்கிற நாள் நெருங்கியது. ஹாஸ்டலைப் பற்றிக் கேட்டு மாமாவிடமிருந்து போன் வந்தது. அம்மா, "சரிண்ணே" என்றாள்.

மாமா வருகிற அன்று காலையில் அம்மா ரோஜாவுக்குத் தலை பின்னிவிட்டாள். பின்னியதை அவிழ்த்தாள். மறுபடி பின்னினாள். மறுபடியும் அவிழ்த்தாள்.

"அம்மா, வலிக்குது."

"செத்த இரு."

அம்மா பஸ் ஸ்டாண்டுக்கு வரவில்லை. வேலைக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லி முன்னாடியே கிளம்பிவிட்டாள். நேரமாகவில்லை என்று ரோஜாவுக்குத் தெரியும். தெரு முனை வரைக்கும் அம்மா திரும்பியே பார்க்கவில்லை. திரும்பினால் போக முடியாது என்பதும் ரோஜாவுக்குத் தெரியும்.

மாமா புதிதாக ஒரு தகரப் பெட்டி வாங்கி வந்திருந்தார். நல்ல பச்சை நிறம், பூட்டு சாவியோடு. ரோஜாவின் துணிகளை எல்லாம் வைத்த பிறகும் பெட்டியில் பாதி இடம் மிச்சம் இருந்தது. பஸ்ஸில் அவளை ஜன்னலோரம் உட்கார வைத்து, வாழைப்பழம் உரித்துக் கொடுத்தார். அவள் அதைக் கையிலேயே வைத்திருந்தாள். மாமா ஹாஸ்டலைப் பற்றி நல்லது நல்லதாகச் சொல்லிக்கொண்டு வந்தார். ஞாயிற்றுக்கிழமை முட்டை உண்டாம். கூடப் படிக்க நிறையப் பெண்கள் இருப்பார்களாம். ரோஜா தலையை ஆட்டினாள். அங்கேயும் முதல் நாள் எல்லாரும் தன்னைத் திரும்பிப் பார்ப்பார்கள் என்று நினைத்துக்கொண்டாள்.

டோல்கேட் தாண்டி, விக்கிரவாண்டிக்குக் கொஞ்சம் முன்னால், யாரோ இறங்குவதற்காக பஸ் நின்றது. வீரம்மாள் அக்காவின் கடைக்கு எதிரில்தான்.

ரோஜா எட்டிப் பார்த்தாள். இடிந்த பஞ்சர் கடை வாசலில் தேவநாதனின் லாரி நின்றது. அவர் லாரிமேல் ஏறிக் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார். தரையில் மூன்று தார்ப்பாய்கள் சுருட்டிக் கிடந்தன. நாலாவதைக் காற்று தூக்கிக்கொண்டு போய்விடும்போல இருந்தது. அம்மா ஒரு மூலையை முழங்காலால் அழுத்திக்கொண்டு, இன்னொரு மூலையை எட்டிப் பிடிக்கப் போவாள். அதற்குள் இந்த மூலை கிளம்பிவிடும். இங்கே ஓடி வந்தால் அந்த மூலை கிளம்பிவிடும்.

"மாமா, அம்மா ஒண்டியா புடிக்கிறாங்க" என்றாள் ரோஜா. சொல்லிக்கொண்டே எழுந்தாள். அடுத்த நிமிஷம் படியில் இறங்கிவிட்டாள்.

"அடியே, பஸ் போயிடும்" என்று மாமா கூப்பிட்டார். கண்டக்டர் இவரைப் பார்த்தார். மாமா பெட்டியைத் தூக்கிக்கொண்டு, வாயில் பாதிப் பழத்தோடு இறங்கினார். பஸ் போய்விட்டது.

ரோஜா ஓடிப் போய் அந்த மூலையின்மேல் அப்படியே உட்கார்ந்தாள். அம்மா நிமிர்ந்து பார்த்தாள். அவள் முகம் என்னவோபோல ஆயிற்று. கழுவுவதற்குப் பக்கத்தில் ஒன்றும் இல்லை. அப்படியே அழுதாள்.

லாரியிலிருந்து இறங்கி வந்த தேவநாதன் என்ன செய்வது என்று தெரியாமல் தலையைச் சொறிந்தார். பிறகு மாமாவைப் பார்த்து, ஏதோ அவர்தான் கேட்டது மாதிரிச் சொன்னார். "வட மாநிலம் ஒரு நடை போயிட்டேங்க, அதான் வர முடியல. ரெண்டு ராத்திரி நல்ல மழை. ஒரு மூட்டைகூட நனையல. மொதலாளி பாத்துட்டு, மத்த வண்டி தார்ப்பாயையும் குடுத்து உட்டுட்டாரு." கொஞ்சம் யோசித்துவிட்டு, "தையல் பாக்கத்தான் நல்லா இல்ல" என்றார்.

இன்னும் ஒரு மூலை காற்றில் அடித்துக்கொண்டிருந்தது. மாமா பச்சைப் பெட்டியை அதன்மேல் வைத்தார். பெட்டி கனமாக இல்லை, அது ஆடியது. அவரும் அதன்மேல் உட்கார்ந்தார்.

"அண்ணே" என்றாள் அம்மா, முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு. "ரோஜா இங்கயே படிக்கட்டும். விக்கிரவாண்டி ஸ்கூல்ல சேத்துடறேன். வீட்டையும் இங்கயே பாத்துக்குறோம்."

"நாளைக்கு இதையும் உட்டுட்டு வேற ஊருக்குப் போவ மாட்டியே?"

"வேலைதான் என்ன உட்டுட்டுப் போச்சி. நான் எதையும் உடலண்ணே. வலையும் கம்பெனியும் பஞ்சரும் கெடங்கும், எல்லாம் இந்தக் கையிலதான கீது. இத யாரு வந்து பூட்டுவா?"

மாமா அவள் கையைப் பார்த்தார். பிறகு வெட்டிப் பெரிதாக்கி வைத்திருந்த ஓட்டையைப் பார்த்துவிட்டு, "இவ்ளோ பெரிய ஓட்டையா?" என்றார்.

"இன்னும் வெட்டணும் மாமா" என்றாள் ரோஜா.

விழுப்புரம் போகிற பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாக அந்த வழியே போய்க்கொண்டிருந்தன. மாமா எழுந்திருக்கவில்லை. அவர் எழுந்தால் தார்ப்பாய் பறந்துவிடும்.